ஆறாம் வகுப்பு மகளை வெயிலில் நிறுத்துகிறார்கள்: பள்ளியிடம் முறையாகப் புகார் கொடுப்பது எப்படி?

பின்னலாடை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என் மகள் திருப்பூரில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு வீட்டுப்பாடத்தை முடிக்காமல் வரும் பிள்ளைகளை அந்தப் பாட ஆசிரியை வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிறுத்திவிடுகிறார். மேற்குப் பார்த்த வராந்தா அது. கணக்கு கடைசிப் பாடவேளையில் வருவதால், மணி அடிக்கும்வரை பிள்ளைகள் முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். சென்ற வாரம் என் மகளிடம், வகுப்பில் அத்தனை பேரும் கேட்கும்படி, "நீ எப்படியும் பனியன் கம்பெனிக்குத்தான் போகப்போகிறாய், உனக்குக் கணக்கு எதற்கு" என்று சொல்லியிருக்கிறார். நானும் என் மனைவியும் பனியன் கம்பெனியில்தான் வேலை செய்கிறோம். அது பள்ளிக்குத் தெரியும்.

வகுப்பாசிரியையிடம் நேரில் சொன்னோம். "நான் பேசிப் பார்க்கிறேன்" என்றார், எதுவும் மாறவில்லை. வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதும் பலரும் கொதித்துப்போய், திங்கட்கிழமை காலையில் எல்லோரும் திரண்டு போய் முதல்வர் அறையிலேயே கேட்டுவிடலாம் என்கிறார்கள். என் மனைவியோ, எழுத்தில் கொடுத்தால் பிள்ளையைக் குறிவைப்பார்கள், டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சுகிறாள். நான் எழுதி வைத்திருக்கும் மனுவைக் கீழே தருகிறேன். இதை அப்படியே கொடுக்கலாமா, திருத்த வேண்டுமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

"ஐயா, தங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை மாணவர்களைக் கொடுமைப்படுத்துகிறார். வகுப்பில் மின்விசிறி ஓடுவதில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு அந்த வகுப்பை நடத்துவதில்லை. பள்ளி வேன் தினமும் தாமதமாக வருகிறது. தமிழ் ஆசிரியர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். ஆகவே தாங்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்."

கரும்பலகை

நான் அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மனு ஒரு பள்ளி முதல்வரின் மேசைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி மின்விசிறியைச் சரிசெய்வார்கள். "தாங்கள் சுட்டிக்காட்டிய குறைகள் களையப்பட்டு வருகின்றன" என்று ஒரு வரியில் பதில் எழுதுவார்கள். கோப்பு மூடப்பட்டுவிடும். ஆறு குறைகளை ஒரே தாளில் அடுக்கினால், அவற்றில் எது எளிதோ அதை மட்டும் தீர்த்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்ளும் வசதியை நாமே செய்து கொடுக்கிறோம். உங்கள் மகளுக்கு நேர்ந்தது மின்விசிறிக்கும் வேனுக்கும் நடுவில் காணாமல் போய்விடும்.

அடுத்து, "கொடுமைப்படுத்துகிறார்" என்பது உங்கள் முடிவு. நடந்தது என்ன என்பது அதில் இல்லை. எந்த நாள், எந்தப் பாடவேளை, எவ்வளவு நேரம், எங்கே நிறுத்தப்பட்டாள், என்ன சொல்லப்பட்டது, அப்போது வேறு யார் இருந்தார்கள் என்று எழுதினால், அவற்றை மறுப்பதற்கு அவர்கள் ஒவ்வொன்றாக விசாரித்தே ஆக வேண்டும். "கொடுமை" என்று எழுதினால், "அப்படி எதுவும் இல்லை" என்ற ஒற்றை வரியே போதுமான பதிலாகிவிடும்.

முடிவில் "தக்க நடவடிக்கை" என்று கேட்கிறீர்கள். எது தக்கது என்று தீர்மானிக்கும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டால், ஆசிரியையைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுவதும் தக்க நடவடிக்கையே ஆகிவிடும். உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பிள்ளைகளை வெளியே நிறுத்துவது நிற்க வேண்டும், அந்தப் பேச்சு குறித்து விசாரிக்க வேண்டும், விசாரணையின் முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மின்விசிறி, தண்ணீர், வேன் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தாள் எழுதுங்கள். சில நாள் கழித்துக் கொடுங்கள்.

திரண்டு போவதைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டமாகப் போனால் பேச்சு முழுவதும் கூட்டத்தைப் பற்றியதாகிவிடும். காவலாளி, அலுவலக ஊழியர், சத்தம், யார் யாரைப் பிடித்துத் தள்ளினார் என்று அது வேறு திசையில் போகும். நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும், நேரம் கேட்டுக்கொண்டு, மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

தல்லாகுளம்

கரும்பலகை ஐயா சொன்னதை ஏற்கிறேன். சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன்.

குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, தனியார் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காடு இட ஒதுக்கீட்டைத் தாண்டி அச்சட்டத்துக்கும் மெட்ரிகுலேஷன் பள்ளிக்கும் தொடர்பே இல்லை என்று சில தாளாளர்களே பேசுகிறார்கள். அது சரியன்று. 17ஆம் பிரிவு எந்தக் குழந்தையையும் உடல்ரீதியாகத் தண்டிக்கவோ மனரீதியாகத் துன்புறுத்தவோ கூடாது என்கிறது. மீறுபவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பள்ளிகளில் உடல் தண்டனையை ஒழிப்பதற்காகத் தேசியக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், மனரீதியான துன்புறுத்தல் எவையெவை என்று எடுத்துச் சொல்கின்றன. பெற்றோரின் தொழிலைச் சொல்லிப் பிள்ளையைக் கேலி செய்வது அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஆகவே பனியன் கம்பெனிப் பேச்சை வீட்டுப்பாடத் தகராற்றின் ஒரு பகுதியாக எழுதாதீர்கள். அதற்குத் தனிப் பத்தி கொடுங்கள். உங்கள் மனுவில் வலுவான இடம் அதுதான். அந்த வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டில் செயல்படுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024இல் உத்தரவிட்டிருக்கிறது.

உங்கள் மனைவியின் அச்சத்துக்கும் அதே சட்டத்தில் பதில் இருக்கிறது. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, பள்ளியில் சேர்க்கப்பட்ட குழந்தையை வெளியேற்றக் கூடாது என்பது 16ஆம் பிரிவு. பெற்றோர் கேட்காமல் டி.சி.யைக் கையில் திணிப்பது சட்ட மீறல். அப்படி யாராவது வாய்மொழியாகச் சொன்னால், "அதை எழுத்தில் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள், கொடுக்க மாட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் யாராவது இதை வாசித்தால், கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த வகுப்புகளுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு உண்டு. ஆனால் அது குற்ற வழக்கு. மிகக் கடுமையான நிகழ்வுகளுக்கே அந்த வழியில் போக வேண்டும்.

நான்காம் பீரியட்

நானும் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. அந்தப் பேச்சுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. அது எந்த வகையிலும் மன்னிக்கத்தக்கதன்று. ஆனால் ஆசிரியர் அறையில் இத்தகைய மனு எப்படி வந்து இறங்குகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொண்டால் நல்லது.

தாளாளருக்கு நேரடியாகப் போன புகார் எங்களிடம் புகாராக வருவதில்லை. சம்பள உயர்வு நிறுத்தப்படும் என்ற எச்சரிக்கையாகத்தான் வருகிறது. மதிப்பெண் குறைந்தாலும் எங்களைத்தான் கேட்கிறார்கள், கண்டித்தாலும் எங்களைத்தான் கேட்கிறார்கள். அந்த அச்சத்தில் எந்த ஆசிரியரும் முதலில் மறுக்கத்தான் செய்வார். ஆகவே வீட்டுப்பாடம், வெளியே நிறுத்துவது போன்றவற்றில் பாட ஆசிரியரிடமே ஒருமுறை நேரில் பேசுவதுதான் முறை என்று கருதுகிறேன். நீங்கள் வகுப்பாசிரியையிடம் பேசினீர்கள். கணக்கு ஆசிரியையிடம் பேசியதாக எழுதவில்லை.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் ஒரு சொல். நாற்பது பெற்றோர் இருக்கும் குழுவில் ஆசிரியர் ஒருவரின் தங்கையோ பள்ளி அலுவலக ஊழியரின் அண்ணியோ கட்டாயம் இருப்பார். அங்கே எழுதியது மதிய உணவு இடைவேளைக்குள் படமாக எங்கள் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது, அதுவும் மிகக் கோபமாக எழுதப்பட்ட பகுதி மட்டும். பிள்ளைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுப்பாடம் ஏன் முடிவதில்லை?

பின்னலாடை

தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, டீச்சர். ஆர்டர் அதிகமாக இருக்கும் மாதங்களில் நாங்கள் இருவரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்ப இரவாகிவிடும். மற்ற பாடங்களை அவளே முடித்துவிடுவாள். கணக்கில் பின்னங்கள் வந்ததிலிருந்து யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது. பாட ஆசிரியையை நேரில் பார்க்க வேண்டும் என்று பள்ளி டைரியில் எழுதி அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் அவருடைய கையொப்பம் இருக்கிறது; நேரம் எதுவும் குறிக்கப்படவில்லை.

கரும்பலகை

அந்த டைரிப் பக்கத்தை உடனே படம் எடுத்து வையுங்கள். நேரம் கேட்டு எழுதியதற்கும், அவர் அதைப் பார்த்ததற்கும் அதுவே சான்று.

நான்காம் பீரியட் அம்மா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். வெளியே நிறுத்துவதைப் பற்றி முதலில் ஆசிரியையிடமே பேசலாம் என்பது நியாயம். அதற்கு இவர் முயன்றுமிருக்கிறார். ஆனால் தொழிலைச் சொல்லி இழிவாகப் பேசியதை அந்த ஆசிரியையிடமே போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்வது சரியாகாது. அது நிர்வாகத்தின் கவனத்துக்குப் போக வேண்டியது. சம்பள உயர்வு நிற்பதும் நிற்காததும் நிர்வாகத்துக்கும் ஆசிரியைக்கும் இடையிலான விவகாரம். அதன் சுமையைப் பெற்றோர் தலையில் ஏற்றக் கூடாது. வேண்டுமானால், ஆசிரியையின் சம்பளத்தில் கை வைக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை என்று மனுவிலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

செம்பருத்தி

நான் ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவர். எங்கள் வழி கொஞ்சம் வேறு என்பதால் எழுதுகிறேன். இந்த இழையை அரசுப் பள்ளிப் பெற்றோரும் படிக்கக்கூடும்.

அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருந்தே ஆக வேண்டும். அதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்பது சட்டம். 2022இல் தமிழ்நாடு முழுவதும் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர். எங்கள் பள்ளியில் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் பழுதாகிக் கிடந்தது. பெண் பிள்ளைகள் காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமலேயே இருந்தார்கள். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். "எழுதியிருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக எழுதி, உறுப்பினர்கள் கையொப்பமிட்டு, செயலியிலும் பதிவேற்றினோம். தீர்மான நகலோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு நானே போனேன். தனி ஆளாக ஒரு தாய் போய் நிற்பதற்கும், தீர்மானப் பதிவேட்டின் நகலோடு குழுத் தலைவர் போய் நிற்பதற்கும் அந்த அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு. மோட்டார் வந்தது.

தனியார் பள்ளியில் இந்தக் குழு கிடையாது. பெற்றோர் ஆசிரியர் கழகம் இருக்கும். அதன் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் நிர்வாகத்துக்கு வேண்டப்பட்டவர்களாக இருப்பார்கள். அதையும் மீறிக் கழகக் கூட்டத்தில் எழுந்து கேட்கத்தான் வேண்டும். கேட்டது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்றும் பார்க்க வேண்டும்.

கசப்பு

எல்லோரும் நம்பிக்கையாக எழுதுகிறீர்கள். என் அனுபவம் வேறு. என் மகன் படித்த பள்ளியைப் பற்றி முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு போட்டேன். அந்த மனு கீழே இறங்கி, "விளக்கம் தருக" என்ற குறிப்போடு அதே பள்ளி முதல்வரிடம் போனது. அவர் என்னைக் கூப்பிட்டு, என் கையெழுத்தில் இருந்த கடிதத்தையே மேசைமீது வைத்து, "இதெல்லாம் எதற்கு, என்னிடம் சொல்லியிருக்கலாமே" என்றார். முதலமைச்சரின் குறைதீர்ப்புத் திட்டமான 'முதல்வரின் முகவரி'யில் 1100 எண்ணுக்குப் பேசினேன். அதுவும் சுற்றிச் சுற்றி அதே அலுவலகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. ஆண்டு முடிவில் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்க முடிவு செய்தோம். கட்டண பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்தி வைத்தார்கள். எழுதுவதெல்லாம் வீண் வேலை.

தல்லாகுளம்

உங்கள் கசப்பைப் புரிந்துகொள்கிறேன், சகோதரரே. ஆனால் மனு கீழே இறங்கி வருவது அந்த அலுவலகங்களின் வழக்கமான நடைமுறை. எதிர்த்தரப்பின் விளக்கம் இல்லாமல் எந்த அலுவலரும் உத்தரவிட முடியாது. சிக்கல் எங்கே என்றால், பள்ளிக்கு எழுத்தில் எதுவும் கொடுக்காமல் நேராக மேலே எழுதும்போது, "எங்களிடம் இவர் சொல்லவே இல்லை" என்று பள்ளி தரும் விளக்கத்தோடு மனு முடிந்துவிடுகிறது. பள்ளிக்குக் கொடுத்த மனுவின் நகலும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் இணைப்பாக இருந்தால் அந்த விளக்கம் நிற்காது. பின்னலாடை முதலில் பள்ளிக்கே எழுத வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான். பள்ளியின் மனம் நோகக் கூடாது என்பதற்காக அன்று.

பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட மறுக்கும் பள்ளிகளும் உண்டு. அப்போது வாக்குவாதம் செய்யாமல் அஞ்சலகத்துக்குப் போய், ஒப்புகை வசதியோடு விரைவு அஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பழைய பதிவு அஞ்சல் இப்போது விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பள்ளியின் அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கும் அதே மனுவை அனுப்புங்கள்.

பள்ளி பதில் தரவில்லை என்றால் அடுத்து மாவட்டக் கல்வி அலுவலர். 2022இல் நடந்த நிர்வாகச் சீரமைப்புக்குப் பிறகு தனியார் பள்ளிகளுக்கென்றே மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். முகவரியில் அதைக் குறிப்பிடாவிட்டால் மனு வேறு பிரிவில் போய்த் தூங்கும். அவருக்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர். திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண்ணோடு ரசீது கிடைக்கும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி எழுத்தில் தரும் புகாரை மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிக்க வேண்டும். முடிவு திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு. சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்பதிலும் அந்த ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. உங்கள் மனு அலுவலகத்தில் என்ன ஆனது என்று தெரிய வேண்டுமானால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு, அதன்மீது எழுதப்பட்ட அலுவலகக் குறிப்புகளின் நகலைக் கேளுங்கள். தூங்கும் கோப்பு பல நேரம் அந்த ஒரு கேள்வியிலேயே எழுந்துவிடும்.

டி.சி. பற்றி: கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு மாற்றுச் சான்றிதழை உடனே தரச் சொல்கிறது, அது தாமதமாவதைக் காரணம் காட்டி அடுத்த பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாகச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது.

வேளச்சேரி

கட்டணம் என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். எங்கள் சி.பி.எஸ்.இ. பள்ளியில் ரசீதில் ஒரு தொகையும், "செயல்பாட்டுக் கட்டணம்" என்று தனித் தாளில் இன்னொரு தொகையும் வாங்குகிறார்கள். இதை யாரிடம் சொல்வது?

தல்லாகுளம்

கட்டணத்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு பள்ளிகள் கட்டண வசூல் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கட்டண நிர்ணயக் குழு செயல்படுகிறது. முதல் குழுவுக்கு நீதியரசர் கே. கோவிந்தராஜன் தலைவராக இருந்தார். ஒரு பள்ளிக்கு நிர்ணயிக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்குச் செல்லும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளும் இதற்குள் அடக்கம். முதலில் உங்கள் பள்ளிக்கு அந்த வகுப்புக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று பாருங்கள். பிறகு இரண்டு தாள்களின் நகலையும் இணைத்துக் குழுவுக்கு எழுதுங்கள். ரசீது இல்லாமல் பணம் கட்டாதீர்கள். மேற்கொண்டு தனி இழை தொடங்கினால் அங்கே விரிவாகப் பேசலாம்.

செம்பருத்தி

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுங்கள், வக்கீல் சார். முதலில் பள்ளிக்கு எழுத வேண்டும் என்று இங்கே எல்லோரும் சொல்கிறோம். பாலியல் தொல்லை என்றாலுமா?

தல்லாகுளம்

இல்லை. கேட்டதற்கு நன்றி; இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த இழையே ஆபத்தாகியிருக்கும். மேலே சொன்ன படிக்கட்டு எதுவும் அதற்குப் பொருந்தாது. குழந்தை அப்படி எதையாவது சொன்னால் பள்ளியிடம் மனு கொடுத்துப் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது. நேராகக் காவல்துறைக்கோ குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கோ சொல்ல வேண்டும். போக்சோ சட்டம், 2012, தகவல் தெரிந்த எவரும் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தைத் தெரிந்தும் மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. "நாங்களே உள்ளுக்குள் விசாரித்துக்கொள்கிறோம், பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள்" என்று எந்த நிர்வாகம் சொன்னாலும் அதற்கு உடன்பட வேண்டியதில்லை.

குழந்தையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று அஞ்ச வேண்டாம். குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ குழந்தைக்குப் பிடித்த இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்பது அதே சட்டம். குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே குறித்து வையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத் துருவாதீர்கள். பெயரையோ படத்தையோ எந்தக் குழுவிலும் போடாதீர்கள். 2021இல் சென்னையில் முன்னாள் மாணவிகள் சமூக வலைத்தளத்தில் எழுதிய பிறகுதான் சில பள்ளிகளின் பழைய நிகழ்வுகள் வெளியே வந்தன என்பது உண்மை. ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள், தங்களைப் பற்றித் தாங்களே எழுதினார்கள். ஒரு சிறுமியைப் பற்றி நாம் எழுதுவது முற்றிலும் வேறு.

கரும்பலகை

பின்னலாடை அவர்களே, உங்கள் மனுவைத் திருத்தி எழுதியிருக்கிறேன். தேதிகளை நீங்கள் நிரப்பிக்கொள்ளுங்கள்.

"பெறுநர்: முதல்வர் அவர்கள். நகல்: தாளாளர் அவர்கள். பொருள்: ஆறாம் வகுப்பு பி பிரிவு மாணவியை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதும் பெற்றோரின் தொழிலைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசியதும் தொடர்பாக. பார்வை: பள்ளி டைரியில் நான் எழுதிய குறிப்பு, நாள் …

அம்மையீர், என் மகள் … தேதிகளில் கடைசிப் பாடவேளை முழுவதும் வகுப்புக்கு வெளியே மேற்கு வராந்தாவில் வெயிலில் நிறுத்தப்பட்டாள். அதே நாள்களில் வேறு மாணவர்களும் அவளோடு நிறுத்தப்பட்டார்கள்.

… தேதியன்று கணக்கு ஆசிரியை வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அவளிடம், 'நீ எப்படியும் பனியன் கம்பெனிக்குத்தான் போகப்போகிறாய், உனக்குக் கணக்கு எதற்கு' என்று கூறியதாக அவள் தெரிவித்தாள். இது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்துள்ள மனரீதியான துன்புறுத்தலாகும்.

பாட ஆசிரியையைச் சந்திக்க டைரி வழியாக நேரம் கேட்டேன், கிடைக்கவில்லை. வகுப்பாசிரியையிடம் நேரில் தெரிவித்தேன், மாற்றமில்லை. ஆகவே, மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதை உடனே நிறுத்தவும், மேற்படி பேச்சு குறித்து விசாரித்து முடிவை 15 நாள்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும், கணக்கில் என் மகளுக்கு உள்ள சிரமம் பற்றிப் பேச ஆசிரியையோடு ஒரு சந்திப்பை ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறேன். இம்மனுவால் என் மகளிடம் நடந்துகொள்ளும் விதத்தில் எவ்வித மாற்றமும் இருக்காது என நம்புகிறேன். இணைப்பு: டைரிப் பக்கத்தின் நகல்."

"கூறியதாக அவள் தெரிவித்தாள்" என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். நீங்கள் அந்த வகுப்பில் இல்லை. இருந்ததுபோல் எழுதினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். சட்டப்படி நடவடிக்கை என்ற மிரட்டலை எடுத்துவிட்டேன்; பிரிவு எண்ணைக் குறிப்பிட்டாலே அவர்களுக்குப் புரியும்.

மற்ற பெற்றோர்கள் உதவ விரும்பினால், கூட்டு மனுவில் கையொப்பமிடுவதைவிட, வெளியே நிறுத்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரும் தங்கள் பிள்ளைக்கு நடந்ததை மட்டும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கட்டும். கூட்டு மனுவுக்குத் "தூண்டிவிட்டவர்" ஒருவரைத் தேடுவார்கள்; தனித்தனி மனுக்களில் அப்படித் தேட முடியாது.

பின்னலாடை

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும்; ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி. மனுவைக் கொடுத்தோம். அலுவலகத்தில் இருந்த பெண்மணி முதலில் முத்திரை போட மறுத்து, "மேடம் பார்த்துக்கொள்வார், வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். அப்படியானால் அஞ்சலில் அனுப்பிக்கொள்கிறோம் என்று என் மனைவி எழுந்தபோது, உள்ளே போய்க் கேட்டு வந்து நகலில் முத்திரையும் தேதியும் போட்டுக் கொடுத்தார். வேறு சில பெற்றோர்களும் தனித்தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சிலர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல மனமில்லை.

கேட்ட கெடுவுக்குள் பதில் வந்தது. "பாடவேளையின்போது மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது என அனைத்து ஆசிரியர்களுக்கும் சுற்றறிக்கை வழங்கப்பட்டுள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள். நிறுத்துவதும் உண்மையில் நின்றுவிட்டது. ஆசிரியையோடு சந்திப்பும் நடந்தது. பின்னக் கணக்குக்காக வாரத்தில் ஒருநாள் மதிய இடைவேளையில் சில பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஆனால் பனியன் கம்பெனிப் பேச்சைப் பற்றிப் பதிலில் ஒரு வரிகூட இல்லை. முதல்வரிடம் கேட்டதற்கு, "அவர் அப்படிச் சொல்லவில்லை என்கிறார், விட்டுவிடுங்கள்" என்றார். இதை இப்போது மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாமா?

நான்காம் பீரியட்

மதிய இடைவேளையில் சொல்லித் தர ஒப்புக்கொண்டார் என்றால் மனுவை அவர் பகையாக எடுத்துக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. மேலே அனுப்பினால் அந்த ஏற்பாடு நின்றுபோக வாய்ப்பு உண்டு. முடிவு உங்களுடையது.

கரும்பலகை

மேலே அனுப்புவதற்கு முன் இன்னும் ஒரு தாள் பாக்கி இருக்கிறது. வந்த பதிலுக்கு நன்றி தெரிவித்து, இரண்டே வரியில் எழுதுங்கள்: "எனது மனுவின் இரண்டாம் கோரிக்கையான, பெற்றோரின் தொழிலைக் குறிப்பிட்ட பேச்சு பற்றிய விசாரணையின் முடிவு தங்கள் பதிலில் இடம்பெறவில்லை. ஆசிரியை மறுத்ததாகத் தாங்கள் நேரில் கூறியதையும், அன்று வகுப்பில் இருந்த வேறு யாரிடமாவது விசாரிக்கப்பட்டதா என்பதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்." அதற்கும் முத்திரை வாங்குங்கள். அவர்கள் எழுதித் தந்தாலும் தராவிட்டாலும், மாவட்டக் கல்வி அலுவலருக்குப் போகும் மனுவுக்குத் தேவையான இணைப்பு அதோடு முழுமையாகிவிடும். அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். விடுமுறையில் கொடுத்தால் பள்ளி திறந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள்.

பின்னலாடை

நாளைக்கு எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலையிலேயே போய்க் கொடுத்துவிடுகிறேன். மின்விசிறிக்கான தாளை அடுத்த வாரம் எழுதுகிறேன், ஐயா.